கான்கிரீட் கூரை வீட்டில் வெப்பத்தைக் குறைக்க: மொட்டைமாடி முதல் ஏசி வரை

கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே குடியிருப்பவர்களைக் கோடையில் பகலைவிட இரவுதான் அதிகம் வதைக்கும். வெயில் தாழ்ந்த பிறகும் கூரை அனல் கக்கும். மின்விசிறி அந்த அனலையே கீழே தள்ளும். 150 மி.மீ. தடிமனுள்ள தளத்தின் மேல்பக்கம் வாங்கிய வெப்பம் அடிப்பக்கத்துக்கு வந்துசேரச் சுமார் 4 மணி நேரம் ஆகிறது. மதியம் 2 மணி வெயிலின் உச்சம் மாலை 6 மணிக்குத்தான் அறைக்குள் தெரியும், பிறகு நள்ளிரவு வரை மெல்ல மெல்லக் கசியும். முன்பெல்லாம் இரவு குளிர்ந்து தளத்தை ஆற்றிவிடும். புவி சூடேற ஏற, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போவதால், தளம் முழுதாக ஆறுவதற்குள் அடுத்த நாள் வெயில் வந்துவிடுகிறது.

இதற்கு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகப் பசுமைக் கட்டடம் கட்டலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. 100 ச.மீ. பரப்பில் 150 மி.மீ. தளம் போட 15 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தாலே, கம்பியைச் சேர்க்காமல் 4.5 டன் ஆகிறது. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்தே வருகிறது. நிற்கிற கட்டடத்தைச் சீர்செய்வதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

வேலையின் வரிசை முக்கியம். கூரையில் வெயிலைத் திருப்பி அனுப்புவது முதலில், தேவைப்பட்டால் கூரைக்கு வெப்பக்காப்பு, அடுத்து மேற்கு ஜன்னல்கள், பிறகு இரவுக்காற்று, எல்லாம் முடிந்த பின்தான் ஏசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பெரிய ஏசியை வாங்கி மாட்டிவிட்டால், பிறகு கூரையைத் திருத்தினாலும் அந்தப் பெரிய இயந்திரத்தைத்தான் ஓட்டியாக வேண்டும்.

அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். எமிசிவிட்டி (ஒரு பரப்பு வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன்) 0.95 என்று வைத்துக்கொண்டு, மேகமில்லாத ஒரு நாளில் மதியம் 2, மாலை 6, இரவு 9, விடியற்காலை 5 மணிக்கு மொட்டைமாடித் தரை, அறையின் கூரை அடிப்பக்கம், மேற்குச் சுவரின் உட்பக்கம், ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். கூடவே நிழலில் உள்ள வெளிக்காற்றையும் அறைக்காற்றையும் சாதாரண வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். பளபளக்கும் அலுமினியம், எவர்சில்வர் பரப்புகளில் அகச்சிவப்பு வெப்பமானி பொய் சொல்லும். எதிரே உள்ள பொருளின் பிரதிபலிப்பைத்தான் அது காட்டும். அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

மாலை 6 மணிக்குக் கூரை அடிப்பக்கம் அறைக்காற்றைவிட 3, 4 டிகிரி கூடுதலாக இருந்தால் முதல் குற்றவாளி கூரைதான். கூரையும் காற்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து மேற்குச் சுவரும் கண்ணாடியும் மட்டும் கொதித்தால், கூரைக்குச் செலவு செய்வதற்கு முன் ஜன்னலுக்குப் போங்கள். இந்தக் குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்த பின் ஒப்பிட வேறு வழியில்லை.

வெள்ளை பூசினால் என்ன நடக்கிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிக்காற்று 35 டிகிரி; கூரை மேல் ச.மீ.க்கு 950 வாட் வெயில். பாசியும் அழுக்கும் படிந்து கறுத்த கான்கிரீட் அதில் 70 சதவீதத்தை உறிஞ்சும், அதாவது 665 வாட். காற்றால் கூரைப் பரப்பு தன் வெப்பத்தை இழக்கும் வேகத்தை ஒரு டிகிரிக்கு 20 வாட் என்று கொண்டால் 33 டிகிரி ஏற்றம். வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகப் போவதற்கு 4 டிகிரியைக் கழித்தால் கூரை மேல் 64 டிகிரி நிற்கும். அதே கூரையில் 25 சதவீதம் மட்டுமே உறிஞ்சும் வெள்ளைப் பூச்சு இருந்தால் 43 டிகிரிதான் வரும். காலை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அறைக்குள் 30 டிகிரி என்று வைத்தால், வெறும் கான்கிரீட் தளம் ச.மீ.க்குச் சுமார் 112 வாட் வெப்பத்தைக் கீழே விடும். வெள்ளை பூசினால் 43 வாட். 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (நீர் புகாத அடர்ந்த பாலிஸ்டைரீன் நுரை) பலகையால் வெப்பக்காப்பு மட்டும் செய்தால் 19. இரண்டையும் செய்தால் 7. தளம் வெப்பத்தைத் தாங்கிப் பிடித்துத் தாமதமாக விடுவதால் உண்மையான உச்சம் இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் விகிதம் பெரிதாக மாறாது.

இந்த எண்களைப் பார்த்து, வெள்ளையைவிட வெப்பக்காப்புதான் மேல் என்று உடனே முடிவெடுத்துவிடக் கூடாது. வெள்ளை பூசிய தளம் இரவில் வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை இழந்து ஆறும். மேலே காப்புப் போட்டால் பகல் வெப்பம் உள்ளே வராது, இரவில் உள்வெப்பம் மேல்வழியாக வெளியே போகவும் முடியாது; அதை ஜன்னல் வழியாகத்தான் தள்ள வேண்டும். எனவே ஏசி இல்லாத வீட்டுக்கு எங்கள் பரிந்துரை: முதலில் வெள்ளை. ஒரு கோடை முழுவதும் அளந்து பாருங்கள். போதவில்லை என்றால் அடுத்த ஆண்டு வெப்பக்காப்பு. ஏசி ஓடும் வீட்டில் இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் சரி.

சுண்ணாம்பா, கூல் ரூஃப் பெயின்டா?

புதிதாக அடித்த சுண்ணாம்பின் வெண்மை, விலை உயர்ந்த பெயின்டுக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. ஆனால் அது ஒரு பருவத்துக்குத்தான் நிற்கும், நடந்தால் தேயும், கசிவைத் தடுக்காது. ஏறி நடமாடாத கூரைக்கு அது போதும். 10 கிலோ நீற்றிய சுண்ணாம்புத் தூளை 12 முதல் 15 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 2 கிலோ வெள்ளை சிமென்டும் ஒரு லிட்டர் அக்ரிலிக் பசையும் பூசுவதற்குச் சற்று முன் கலக்குங்கள். சிமென்ட் கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, தளத்தை நனைத்து ஈரம் உள்ளிறங்கியதும், பால்போல் மெல்லிய இரண்டு மூன்று கையாக அடியுங்கள். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து வரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொட வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மழைநீரைச் சேமிக்கும் கூரை என்றால் முதல் சில மழைகளைத் தொட்டிக்கு விடாமல் திருப்பிவிடுங்கள்.

பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. எண்ணை, அதாவது வெயிலில் பரப்பு எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதைச் சொல்லும் குறியீட்டைப் பாருங்கள். ஒரு நிர்ணயிக்கப்பட்ட கறுப்புக்கு 0, நிர்ணயிக்கப்பட்ட வெள்ளைக்கு 100 என்பது அதன் அளவுகோல். புதிதாக இருக்கும்போது 100-க்குப் பக்கத்தில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் தூசியும் பாசியும் படிந்து அது இறங்கத்தான் செய்யும். மூன்று ஆண்டு கழித்து எவ்வளவு இருக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் எண் கிடைத்தால் அதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

பூசும் முறை:

1. பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவுங்கள். அதே நாளில் ஆசிட் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.
2. வெடிப்புகளை ஆங்கில 'வி' எழுத்துப்போல் கீறிப் பிளந்து, தூசி தட்டி, பாலிமர் கலவையால் அடையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவையைச் சாய்வாக வைத்து மெழுகுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.
3. 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளியோ கறுப்போ தெரிந்தால் தளத்தில் ஈரம் இருக்கிறது; காயும்வரை காத்திருங்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்ப்பதால்தான் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்புகிறது.
4. பிரைமர் ஒரு கை. பிறகு பெயின்ட் இரண்டு கை, முதல் கை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். இடைவெளி டப்பாவில் சொன்னபடி, வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம்.
5. நடக்கும் பாதையில் மட்டும் கடைசிக் கையில் மெல்லிய மணல் தூவுங்கள். ஈரமான வெள்ளைப் பூச்சு வழுக்கும்.

புதுத் தளமாக இருந்தால் 28 நாள் கழித்துத்தான் பூச வேண்டும். அதன் பின் செய்ய வேண்டிய பராமரிப்பு ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கோடையும் தொடங்கும் முன் கூரையைத் தேய்த்துக் கழுவுவது.

வெப்பக்காப்பு: மேலேயா, கீழேயா?

தளத்துக்கு மேலே போடுவதே நல்லது. மேலே போட்டால் கான்கிரீட் நிழலில் உட்கார்ந்திருக்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிப்பு விடுவது குறையும். தளத்தின் கனம் முழுதும் அறையின் பக்கம் நின்று பகல் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். கீழே கண்ணாடி நாரும் ஜிப்சம் பலகையும் அடித்தால் தளம் வெயிலில் வெந்துகொண்டே இருக்கும், மேலிருந்து கசிவு வந்தாலும் பலகைக்குப் பின்னால் மறைந்து கம்பி துருப்பிடித்த பிறகுதான் தெரியவரும். மேல் தளம் வேறொருவருக்குச் சொந்தமானதாக இருந்தாலோ, பகலில் சில மணி நேரம் மட்டும் ஏசி போடும் அறையாக இருந்தாலோ கீழே போடுவதில் நியாயம் உண்டு.

மேலே போடும் அடுக்கு வரிசை, கீழிருந்து: தளம், நீர் வடிய வாட்டம் (சாய்வு) பிடித்த கலவை, நீர்த்தடுப்பு, 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை, ஜியோடெக்ஸ்டைல் துணி, கம்பிவலை வைத்த 50 மி.மீ. கான்கிரீட், அதன் மேல் வெள்ளை ஓடு அல்லது பெயின்ட். வாட்டம் 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை இருக்க வேண்டும். நீர்த்தடுப்பு முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே ஒரு துளி ஈரம்கூட இல்லை என்று உறுதியான பிறகே பலகையை வையுங்கள். அதன் மேல் கான்கிரீட் போட்ட பிறகு கசிவைத் தேடுவது பெரும்பாடு.

பலகையின் மூட்டுகள் செங்கல் வரிசைபோல் மாறி மாறி வர வேண்டும். சாதாரணத் தெர்மோகோல் பலகையை இங்கே போடாதீர்கள். அது நீரை உறிஞ்சும், உறிஞ்சியதும் வெப்பத்தைத் தடுக்காது. எக்ஸ்.பி.எஸ். பலகைக்குக் கரைப்பான் கலந்த தார் ஆகாது, கரைந்துவிடும். டார்ச் நெருப்பு காட்டும் நீர்த்தடுப்புத் தாளையும் அதன் மேல் நேரடியாக ஒட்டக் கூடாது. மேல் கான்கிரீட்டை 2.5 முதல் 3 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, இடையிலும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் 10 மி.மீ. இடைவெளி விட்டு சீலன்ட் நிரப்புங்கள். இந்த இடைவெளி இல்லாமல் ஒரே பாயாகப் போட்டால் முதல் கோடையிலேயே நடுவில் பிளக்கும், அல்லது கைப்பிடிச் சுவரைத் தள்ளும்.

அலுமினியத் தாள் ஒட்டிய குமிழி விரிப்பைக் கான்கிரீட்டுக்கு அடியில் வைத்துப் புதைப்பது பரவலாக நடக்கும் வீண்செலவு. பளபளப்புக்கு எதிரே குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி இருந்தால்தான் அது கதிர்வீச்சைத் திருப்பும். கலவைக்குள் புதைந்த தாள் வெறும் தாள்தான்.

சுமையைக் கட்டாயம் கணக்கிட வேண்டும். 50 மி.மீ. கான்கிரீட் ச.மீ.க்கு 120 கிலோ. நடமாட்டமுள்ள மொட்டைமாடிக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமையே பல இடங்களில் 150 கிலோ அளவில்தான் இருக்கிறது. கூரைத் தோட்டத்துக்கும் இதே எச்சரிக்கை: நன்றாக நனைந்த 100 மி.மீ. மண் ச.மீ.க்கு 150 கிலோவைத் தாண்டிவிடும். பழைய கட்டடமானால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் இறங்காதீர்கள். தாங்காது என்று அவர் சொன்னால் வெள்ளைப் பூச்சோடு நிறுத்திக்கொண்டு, மேலே நிழல் தரலாம். சூரிய மின்தகடுகளைக் காற்று அடியில் புகுந்து போகும் உயரத்தில் நிறுத்தினால் மின்சாரமும் நிழலும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் சட்டத்தை நிறுத்தத் துளைபோடும் ஒவ்வோர் இடமும் கசிவுக்கு ஒரு வாசல்.

தரைமட்டம் 100 மி.மீ. உயர்வதால் வரும் விளைவுகளைத் தொடங்கும் முன்பே யோசியுங்கள். மாடிக் கதவின் நிலைப்படி தாழ்ந்துபோகும், கைப்பிடிச் சுவரின் உயரம் குறைந்து குழந்தைகளுக்கு ஆபத்தாகும், பழைய நீர்த்துளைகள் புதைந்துவிடும். சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை வந்தால் கொட்டித் தீர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 100 ச.மீ. கூரையில் மணிக்கு 100 மி.மீ. மழை என்றால் நொடிக்கு 2.8 லிட்டர் நீர். ஒரே ஒரு துளையை நம்பினால் ஒரு கைப்பிடி இலை அதை அடைத்துவிடும். 100 மி.மீ. குழாய் இரண்டு வையுங்கள். அவற்றுக்கு 50 மி.மீ. மேலே, கைப்பிடிச் சுவரில் வழிந்தோடும் துளை ஒன்றும் விடுங்கள்.

மேற்கு ஜன்னல்

சன்ஷேட் போட்டால் போதும் என்ற நம்பிக்கை மேற்கில் பலிக்காது. 20 டிகிரி அட்சரேகையில், பகலும் இரவும் சமமாக உள்ள நாளை எடுத்துக்கொள்வோம். தெற்கு பார்த்த 1.2 மீட்டர் உயர ஜன்னலுக்கு நண்பகலில் முழு நிழல் தர 44 செ.மீ. நீட்டல் போதும். மேற்கு பார்த்த அதே அளவு ஜன்னலுக்கு மாலை 4 மணிக்கு 2.2 மீட்டர் நீட்டல் வேண்டும், ஏனென்றால் சூரியன் தாழ்ந்து நேருக்கு நேர் நிற்கிறது. அத்தனை பெரிய சன்ஷேட்டை யாரும் கட்டப்போவதில்லை. மேற்கில் தேவைப்படுவது ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாகத் தொங்கும் மறைப்பு: மூங்கில் தட்டி, மடக்கு ஷட்டர், ஜாலி, அல்லது சுவரிலிருந்து தள்ளிப் படரும் கொடி. வெப்ப மண்டலத்தில், அதாவது 23.4 டிகிரிக்குள், ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் நடு உச்சியைக் கடந்து மறுபக்கம் போவதால் வடக்கு ஜன்னலுக்கும் சிறு சன்ஷேட் தேவை.

மறைப்பு வெளியேதான் இருக்க வேண்டும். 1.2 மீட்டர் சதுரக் கண்ணாடியில் ச.மீ.க்கு 600 வாட் மாலை வெயில் விழுந்தால் 700 வாட்டுக்கு மேல் உள்ளே வரும். உள்ளே திரை போட்டால், வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்கே கொடுக்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும்: வெப்பத்தைக் கண்ணாடியே உறிஞ்சுவதால், பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருக்கும்போது அது விரிசல் விடக்கூடும்.

இரவுக்காற்று

பகலில் வெளிக்காற்று உள்ளே உள்ளதைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்துவைப்பது அனலை அழைத்துக் குடிவைப்பது. காலையில் வெளியே சூடு ஏறத் தொடங்கியதும் மூடி மறைப்பை இறக்குங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட 2 டிகிரியாவது குறைந்ததும் எல்லாவற்றையும் திறங்கள். காற்று நுழைய ஒரு பக்கம், வெளியேற எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒரு வழி என்று இரண்டு இருக்க வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் இருந்தும் பெரிய பயனில்லை. கொசுவலை காற்றை வெகுவாகத் தடுக்கும், தூசி அடைந்த வலை இன்னும் மோசம். மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

காற்றே அசையாத இடத்தில் எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் அறையில் 36 கன மீட்டர் காற்று. மணிக்கு 10 முறை மாற்ற 360 கன மீட்டர் வேண்டும். வெளிக்காற்று 4 டிகிரி குளிர்ந்திருந்தால், 8 மணி நேரத்தில் அது அந்த அறையின் 150 மி.மீ. தளத்தை அதிகபட்சம் 3.6 டிகிரி ஆற்றும் அளவுக்கு வெப்பத்தை எடுத்துப் போகும். சுவர்களும் தங்கள் பங்கை அதே காற்றுக்குக் கொடுப்பதால் நடைமுறையில் குறைவாகவே கிடைக்கும், ஆனால் விடாமல் தினமும் செய்தால் வித்தியாசம் 5 மணி அளவீட்டில் தெரியும். கடலோரப் புழுக்கத்தில் இரவும் பகலும் வெப்பநிலை அதிகம் மாறாது. அங்கே இந்த முறைக்குப் பலன் குறைவு, உடம்பின் மேல் காற்று படுவதே முக்கியம். 28 முதல் 35 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறி, பழைய 75 வாட் விசிறியின் வேலையைச் செய்துவிடும். அறை 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை மட்டும் நம்பக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தச் சூட்டில் விசிறிக்காற்று உடம்பை மேலும் சூடாக்கும். முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

கடைசியாக ஏசி

இவ்வளவும் செய்த பிறகு மீண்டும் அளந்து, வெப்பச் சுமையைப் புதிதாகக் கணக்கிட்டு வாங்குங்கள். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் குளிர்ச்சி. தேவைக்கு மேல் பெரிய ஏசி சீக்கிரம் குளிரவைத்து அணைந்துவிடும், ஈரத்தை எடுக்காது. அறை சில்லென்று பிசுபிசுக்கும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓட்டுங்கள்.

குளிர்பொருள் எது என்று லேபிளில் பாருங்கள். புவியைச் சூடாக்கும் ஆற்றலில் ஆர்-410ஏ, அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 2,088 மடங்கு. ஆர்-32 சுமார் 675 மடங்கு. புரொப்பேனான ஆர்-290 மிகச் சொற்பம், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-ல் கிகாலி திருத்தம் என்ற சர்வதேச உடன்பாடு ஏற்கப்பட்டது. ஆர்-410ஏ 800 கிராம் கசிந்தாலே 1.6 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். வருடா வருடம் "கேஸ் குறைந்துவிட்டது" என்று நிரப்பச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழாய் அமைப்பு மூடியது, கசியாமல் குறையாது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். இடம் மாற்றக் கழற்றும்போது குழாயை அப்படியே திறந்து வாயுவை வெளியே விடாமல், வெளி யூனிட்டுக்குள் பம்ப் டவுன் செய்து (வாயு முழுவதையும் அதற்குள் இழுத்து) வால்வை மூடிய பிறகுதான் நட்டைத் தொட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.